பள்ளிக்கூடத்துக்கு அளவு பார்க்கப் போனது

எனக்கு இப்போது வயது அறுபத்தெட்டு. பெற்றது ஒன்பது, நின்றது ஆறு. காலரா கொண்டுபோன என் ஓரகத்தியின் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து எட்டுப் பேரை வளர்த்து ஆளாக்கினேன். எட்டில் ஒருவரும் நான் சொன்னதைத் தட்டியதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். எழுத்து, என் பெரிய மகன் பலகையில் எழுதுவதை அடுப்படியிலிருந்து பார்த்துக் கற்றது. நிதானமாகத்தான் வரும். படிக்கிறவர்களும் நிதானமாகப் படிக்கவும்.

நான் மைசூர்ச் சீமைக்குப் போய்வந்தது நாலு வருஷத்துக்கு முன்பு, பொங்கல் கழிந்த மறுவாரம். அதுவரை கிருஷ்ணகிரிச் சந்தைக்கு அப்பால் நான் போனதில்லை. எங்கள் ஊர் வேப்பனப்பள்ளிக்குப் பக்கம். மாந்தோப்பும் கேழ்வரகுக் காடும் இருக்கிறபோது வேறு ஊரில் எனக்கு என்ன வேலை?

வேலை வந்தது. பஜனை மடத்தில் நடந்துகொண்டிருந்த பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமாகக் கட்டடம் கட்ட ஊரில் தீர்மானம் செய்தார்கள். தோப்பை ஒட்டிய என் நிலத்தில் முக்கால் ஏக்கரை நான் எழுதிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டேன். நிலம் பார்க்க வந்த பள்ளிக்கூட அதிகாரி, "கட்டறதுக்கு முன்னாடி ஓசூர் தாண்டி எல்லைக்கு அந்தாண்ட ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. ஆதாரப் பள்ளின்னு பேரு. பிள்ளைங்களே நடத்தறாங்க. ஒரு தடவ பாத்துட்டு வந்து கட்டுங்க" என்றார். பிள்ளைகள் நடத்தினால் வாத்தியார் எதற்கு என்று நான் மனசுக்குள் கேட்டுக்கொண்டேன்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று வீட்டுக்குள்ளேயே இருந்தது. என் மூன்றாம் மகனின் பெண் ருக்கு. அப்போது ஒன்பது வயது. நாலு மாசமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. ஒருநாள் பாவாடை நனைந்து, அழாமல், வேலியோரமாக நடந்து வீட்டுக்கு வந்தாள். வகுப்பில் இரண்டு தரம் விரலைக் காட்டி வெளியே போகக் கேட்டிருக்கிறாள். இரண்டு தரமும் வாத்தியார் "ஒக்காரு" என்றிருக்கிறார். மூன்றாம் தரம் கேட்க அவளால் முடியவில்லை. பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அன்றைக்கு நான் அவளைப் பார்த்துச் சொன்னது, "இவ்ளோ பெரிய பொண்ணு, அடக்கிக்கத் தெரியாதா?" அதன்பிறகு அடித்தும் பார்த்தார்கள், வெல்லம் கொடுத்தும் பார்த்தார்கள். பள்ளிக்கூடம் என்ற பேச்சை எடுத்தாலே மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுவாள். என் நிலத்தில் பள்ளிக்கூடம் எழும்பி, என் பேத்தி மட்டும் கொட்டகையில் நிற்பதா? எனக்கு அந்த ஏக்கம் இருந்தது.

"நீ எதுக்கும்மா போறே? நான் போய்ப் பாத்துட்டு வரேன்" என்றான் மகன்.

"நீ பாத்துட்டு வந்து ஓடு எத்தனைன்னு சொல்லுவே. நான் போறேன்."

கட்டப்போகிற காதர் மேஸ்திரியும் கூட வந்தார். கிருஷ்ணகிரிப் பழையபேட்டைக்காரர். எங்கள் வீடு, சத்திரம், தோப்புக் கிணறு எல்லாம் அவர் கையால் எழும்பியவை. ருக்குவையும் கூப்பிட்டேன். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "பஸ்ஸில வரேன். பள்ளிக்கூடத்துக்குள்ள வரமாட்டேன்." சரி என்றேன்.

செவ்வாய்க்கிழமை கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினோம். ஏறுமுன் மேஸ்திரி ஓட்டலில் காபி வாங்கிக் கொடுத்தார். நான் மோரும் குடித்தேன். வெயில் ஏறுமுன் வயிறு குளிரட்டும் என்று இன்னொரு டம்ளர் மோரும் குடித்தேன். அதன் பலன் பின்னால் தெரிந்தது.

மேஸ்திரியின் மடியில் துணியில் சுற்றிய கோல் ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்தில் கட்டடம் எழுப்பினால் மண்ணுக்கு உடையவரின் முழங்கை முதல் நடுவிரல் நுனி வரை அளந்து ஒரு கோல் வெட்டுவார்கள். அதுதான் முழக்கோல். சுவர், வாசல், சன்னல் எல்லாம் அந்தக் கோலின் கணக்குதான். பள்ளிக்கூடத்துக்கு என் கையை அளந்து வெட்டியிருந்தார்.

"பெரியம்மா கை நீளம். பள்ளிக்கூடம் கம்பீரமா எழும்பும்" என்று பஸ்ஸில் பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பஸ்ஸில் பாதிப்பேர் வாயில் தெலுங்கு, மீதிப்பேர் வாயில் கன்னடம். தமிழில் ஆரம்பித்த சண்டை தெலுங்கில் முடிந்தது. பெங்களூரில் தொழிற்சாலை வேலைக்குப் போகிற இரண்டு இளவட்டங்கள் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் கன்னடத்தில் சொன்னான்: "எங்கள் சூப்பர்வைசர் பீடி பிடிக்கப் போனாலும் சீட்டு எழுதிக் கொடுக்கணும் என்கிறான்." மற்றவன், "தும்மினால் சீட்டு வேண்டாமா?" என்றான். நானும் சிரித்தேன். வளர்ந்த ஆளுக்கே இந்தக் கதி என்றால் என்ன சம்பாத்தியம் என்று தோன்றியது.

சூளகிரி தாண்டி, சானமாவுக் காட்டை நெருங்குகிறபோது பஸ்ஸின் முகத்திலிருந்து நெல் வேகிற பானைபோல ஆவி வந்தது. வண்டி நின்றது. டிரைவரும் இரண்டு ஆட்களும் தகர டின்னை எடுத்துக்கொண்டு குட்டையைத் தேடிப் போனார்கள். கண்டக்டர் படியில் நின்று இரண்டு கையையும் விரித்தான். இருபத்திரண்டு வயது இருக்கும்.

"யாரும் எறங்கக் கூடாது. யானை நடமாடுற எடம். போன வாரம்கூடச் சாணி கெடந்துச்சு."

போனவர்கள் வரவில்லை. வெயில் ஏறியது. குடித்த மோர் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. நான் காலை மாற்றி மாற்றி உட்கார்ந்தேன். கடைசியில் எழுந்துபோய் மெதுவாகச் சொன்னேன்.

"தம்பி, நான் கொஞ்சம் எறங்கணும்."

"ஒக்காருங்க ஆயா. இப்ப வந்துருவாங்க."

உட்கார்ந்தேன். சாமி பேரைச் சொன்னேன். ரயில் ஸ்டேஷன்களின் பேரைச் சொன்னேன். சாமல்பட்டி வரைதான் எனக்குத் தெரியும். மறுபடி எழுந்தேன்.

"தம்பி, முடியல."

"ஆயா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். ஒக்காருங்க" என்றான், எல்லோரும் கேட்கும்படி. பின்னாலிருந்து யாரோ ஓர் ஆண் சிரித்தான்.

எட்டுப் பேரை வளர்த்தவள் நான். என் தோப்பில் நாற்பது ஆள் என் சொல்லுக்கு நிற்பார்கள். அறுபத்து நாலு வயதில், ஒண்ணுக்குப் போக ஒரு பொடியனிடம் இரண்டு தரம் உத்தரவு கேட்டு நின்றேன். முகம் சுட்டது. ருக்கு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போது கடைசி இருக்கையிலிருந்து ஒரு தெலுங்குக்காரி எழுந்தாள். கொத்தமல்லிக் கூடைக்காரி. அவள் தெலுங்கில் போட்ட போட்டைத் தமிழில் எழுதினால் பாதிதான் வரும். "யானை வந்தா எங்களைத்தானே மிதிக்கும், உன்னையா மிதிக்கும்? தள்ளுடா! உன்னைப் பெத்தவ பத்து மாசம் உன்கிட்டச் சீட்டு வாங்கிக்கிட்டா எந்திரிச்சிப் போனா?"

அவன் தள்ளினான். ஆறு பெண்கள் அவள் பின்னால் எழுந்தார்கள். எல்லோரும் எனக்கு முன்பிருந்தே அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்! பஸ்ஸுக்குப் பின்னால் இரண்டு சேலையை மறைப்பாகப் பிடித்தோம். ஒரு முனையை ருக்கு பிடித்தாள். யானை வரவில்லை. வந்திருந்தாலும் நான் அந்த நிமிஷம் எழுந்திருக்கமாட்டேன். அப்படி ஒரு நிம்மதியை என் ஆயுசில் நாலைந்து தரம்தான் கண்டிருக்கிறேன்.

திரும்ப ஏறி உட்கார்ந்ததும் ருக்கு என் காதருகே சொன்னாள், "ஆயா, நீயும் ரெண்டு தடவ கேட்டே."

"ஆமாண்டி."

டின்னில் தண்ணீர் வந்து, வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனபிறகு, "அன்னிக்கி உன்ன நான் கேட்டது தப்பு கண்ணு" என்றேன். என் பிள்ளைகள் எட்டுப் பேரிடமும் நான் சொல்லாத வார்த்தை. அவள் கொத்தமல்லிக்காரி கொடுத்த கொய்யாவைக் கடித்துப் பாதியை என்னிடம் நீட்டினாள்.

ஓசூரில் தெரிந்தவர் வீட்டில் தங்கினோம். அப்பப்பா, என்ன குளிர்! எங்கள் ஊரில் தை மாசத்தில் ஒரு போர்வை போதும். அங்கே போர்வைக்குப் போர்வை தேவைப்படுகிறது.

புதன்கிழமை எல்லையைத் தாண்டினோம். அத்திப்பள்ளியில் இறங்கி, ஒரு குதிரைவண்டியில் கொஞ்சம், நடந்து கொஞ்சம். வழியில் ஒரு கடையில் களியும் அவரைக்கொட்டைச் சாறும் கிடைத்தது. களி நம் ஊர்க் களிதான். ஆனால் சாற்றில் வெல்லம் போடுகிறார்கள். புளியும் காரமும் இருக்கவேண்டிய இடத்தில் வெல்லத்துக்கு என்ன உரிமை? மேஸ்திரி மட்டும் இரண்டு தரம் வாங்கிக் குடித்தார். "சீமைக்குச் சீமை நாக்கு மாறும் பெரியம்மா" என்றார்.

பள்ளிக்கூடத்தை எட்டியபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. மேஸ்திரி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு நின்றார்.

"கெட்டுது காரியம். இன்னும் கட்டியே முடிக்கல."

கல் தூண்கள், மேலே நாட்டு ஓடு. சுவர் முழங்கால் உயரத்தோடு நின்றிருந்தது. கதவு என்று ஒன்றும் இல்லை. மதிலும் இல்லை, புங்கமரங்களும் கள்ளி வேலியும்தான். உள்ளே வாத்தியாரைக் காணோம், வரிசையாக உட்கார்ந்த பிள்ளைகளையும் காணோம். கிணற்றடியில் நாலு பேர், காய்கறிப் பாத்தியில் ஏழெட்டுப் பேர், மரத்தடியில் தக்ளியால் நூல் நூற்றுக்கொண்டு சிலர், அடுப்பருகே இரண்டு பேர். ஒரு ஆள் அரைக்கால் சட்டையும் பனியனுமாகக் கத்தரிப் பாத்தியில் மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

இன்று விடுமுறை, தோட்ட வேலைக்குப் பிள்ளைகளைப் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தோம். புங்கமரத்தடியில் உட்கார்ந்தோம். உட்கார்ந்தோம், உட்கார்ந்துகொண்டே இருந்தோம். மேஸ்திரி ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தார். தக்ளி சுற்றிய பையன்கள் பேசிச் சிரித்துக்கொண்டே இருந்ததால் நான் ஒரு அதட்டல்கூடப் போட்டேன். "ஏண்டா, பள்ளிக்கூடம் இல்லேன்னா வூட்டுக்குப் போய் மாடு மேய்க்கறதுதானே?" அவர்கள் மரியாதையாகத் தலையை ஆட்டினார்கள். தமிழ் புரியவில்லை.

ருக்கு முதலில் என் முதுகுக்குப் பின்னால் இருந்தாள். அப்புறம் பத்தடி தள்ளி. அப்புறம் அவரைப் பந்தலுக்குப் பக்கம். அங்கே பதினொரு வயதுப் பெண் ஒருத்தி கொடிகளை ஒரு குச்சியால் அளந்து பலகையில் குறித்துக்கொண்டிருந்தாள். கௌரம்மா என்று பெயர். ருக்குவுக்குக் கன்னடம் வரும். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி கொடியை நிமிர்த்திப் பிடிக்கிறாள், ஒருத்தி அளக்கிறாள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. பாத்தியில் இருந்த ஆளிடம் போனேன். "ஏம்பா தோட்டக்காரரே, பெரிய வாத்தியாரு எப்ப வருவாரு? பள்ளிக்கூடம் எப்பதான் தெறப்பாங்க?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு, கொடியில் தொங்கிய கதர்ச் சட்டையை எடுத்து மாட்டினார். "நான்தாம்மா வாத்தியார்" என்றார், கோலார்ப் பக்கத்துத் தமிழில். "காலையிலேயே தெறந்தாச்சு. நீங்க பள்ளிக்கூடத்துக்கு நடுவுலதான் ஒக்காந்திருக்கீங்க."

மேஸ்திரி பின்னால் நின்று, "யா அல்லா" என்றார். நான் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

சிரித்து முடிப்பதற்குள் எனக்கு ஞாபகம் வந்தது. ருக்கு! உள்ளே வரமாட்டேன் என்று நிபந்தனை போட்டவள். திரும்பிப் பார்த்தேன். கௌரம்மா அவளிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். ருக்குவின் முகம் மாறியது. கொடியை விட்டுவிட்டு விறுவிறென்று வேலிக்கு வெளியே போய் வண்டிப்பாதையில் ஒரு கல்மேல் உட்கார்ந்தாள்.

ஓடினேன். "என்ன ஏமாத்திட்டே ஆயா."

"சத்தியமா இல்லடி. நானே ஏமாந்துட்டேன். தோட்டக்காரருன்னு நெனச்சி வாத்தியாரையே அதட்டிட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. எனக்கு வாயில் வந்ததெல்லாம் பழைய வார்த்தைகள்தான்: எழுந்திரு, வா, என்ன ஆகிவிட்டது, நல்ல பள்ளிக்கூடம்தானே. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தேன். ஊருக்கே திரும்பலாம் என்று சொன்னால் திரும்பிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கௌரம்மா வேலியருகே வந்தாள். கன்னடத்தில் சொன்னாள்: "இன்னும் மூணு கொடி பாக்கி. வந்தால் சேர்ந்து அளக்கலாம். வராவிட்டால் நான் கட்டைமேல் ஏறி அளந்துகொள்கிறேன்." சொல்லிவிட்டு, நிற்காமல் போய்விட்டாள். கெஞ்சவும் இல்லை, கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை.

நான் ஆகாயத்தைப் பார்த்தேன். ருக்கு பாதத்தால் மண்ணைக் கிளறினாள். ரொம்ப நேரம் கிளறினாள். அப்புறம் எழுந்து, "கட்டை ஆடுது, விழுந்துடுவா" என்று, யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் பந்தலுக்குப் போனாள். நான் அந்தக் கல்மேலேயே உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன்.

மாலையில் பிள்ளைகளின் கூட்டம். வாத்தியாரும் கூட்டத்தோடு தரையில்தான் உட்கார்ந்தார். மறுநாள் யார் என்ன வேலை, யார் என்ன பாடம் என்று அவர்களே பேசி எடுத்துக்கொண்டார்கள். ஒரு பையன் மூன்று நாளாகக் கணக்குப் பக்கமே போகவில்லையாம். "போகாதே. ஆனால் நாளைக்கு அரிசி எத்தனை படி வேண்டும் என்று சமையற்காரரிடம் நீதான் சொல்லவேண்டும்" என்றாள் ஒரு சிறுமி. அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, காலையில் கணக்கு" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள்.

பேச்சின் நடுவில் ஒரு பிள்ளை தன் பலகையைக் கவிழ்த்துவைத்துவிட்டு எழுந்து வெளியே போனது. கொஞ்ச நேரத்தில் வந்து பலகையைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"உத்தரவு கேக்கலியே?" என்றேன் வாத்தியாரிடம்.

"மொதல்ல கேட்டுட்டுதான் இருந்தாங்கம்மா. கூட்டத்துல அவங்களே பேசி, பலகையைக் கவுத்தா போதும்னு வெச்சிக்கிட்டாங்க. நான் ஒத்துக்கல. எல்லாரும் ஓடிடுவாங்கன்னு சொன்னேன்."

"ஓடினாங்களா?"

"ரெண்டு நாள் ஓடினாங்க. மூணாம் நாள் போறதுக்கு எடம் இல்ல. வந்துட்டாங்க."

ருக்கு கூட்டத்தின் ஓரத்தில் இருந்தாள். அவள் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. கவிழ்த்த பலகை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு அங்கேயே தங்கினோம். வியாழக்கிழமை காலையில் மேஸ்திரி கட்டடத்தை அளக்கத் துணியிலிருந்து கோலை எடுத்தார். பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள்.

"இந்தக் கோல் யாருடைய கையளவு?" என்று கேட்டாள் கௌரம்மா. ருக்கு அதை மேஸ்திரிக்குத் தமிழில் சொன்னாள்.

"எங்க பெரியம்மா கை. மண்ணுக்கு உடையவங்க" என்றார் மேஸ்திரி.

"அவர்கள்தான் அங்கே படிக்கப்போகிறார்களா?"

மேஸ்திரி சிரித்தார். "படிக்கப்போறது உங்கள மாதிரிப் பொடிசுங்க."

"அப்படியென்றால் ஏன் இவர்கள் கை?"

மேஸ்திரி தரையிலிருந்து கோலை மூன்று தரம் வைத்துக் காட்டினார். "சன்னல் அடிக்கட்டை இங்க வரும். இதான் கணக்கு." ருக்கு அங்கே நின்று எம்பிப் பார்த்தாள். எம்பினாலும் அவளுக்கு ஆகாயம்தான் தெரிந்திருக்கும்.

"உசரமா வெக்கறதே பிள்ளைங்க வெளிய பாக்கக்கூடாதுன்னுதான்" என்றார் மேஸ்திரி.

"வெளியே பார்த்தால் என்ன ஆகும்?"

கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் கத்தரிப் பாத்தியைப் பார்த்தேன்.

அன்று மதியம் கிளம்பினோம். எல்லையில் நம் பக்கத்துப் போலீஸார் வண்டியை நிறுத்தினார்கள். மைசூர்ச் சீமையில் சாராயம் விற்கலாம், நம் பக்கம் மதுவிலக்கு. அதனால் வருகிற ஒவ்வொரு மூட்டையிலும் கையை விடுவார்கள். என் மூட்டையில் ஒரு போத்தல் அகப்பட்டது. போலீஸ்காரர் ஜெயித்த முகத்தோடு மூடியைத் திறந்து ஆழமாக மோந்தார்.

"விளக்கெண்ணெய்" என்றேன். "முழங்காலுக்கு. வேணும்னா ஒரு மொடக்கு குடிச்சிப் பாருங்க, வயிறு சுத்தமாகும்."

பஸ்ஸே சிரித்தது. ருக்குவும் சிரித்தாள். நாலு மாசத்துக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் போலீஸ்காரருக்கு என் ஆசீர்வாதம் உண்டு.

மேஸ்திரி மட்டும் கோலை மடியில் புரட்டிக்கொண்டே வந்தார். கிருஷ்ணகிரி நெருங்குகிறபோது சொன்னார், "முப்பது வருஷமா கட்டறேன் பெரியம்மா. எல்லாம் உடையவங்க கைதான். உள்ள இருக்கப்போறவங்க கைய நான் ஒரு தடவகூடக் கேட்டதில்ல."

சனிக்கிழமை ஊர்க்கூட்டம். திங்கட்கிழமை அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டுவதாக ஏற்பாடு. மேஸ்திரி தரையில் கோடு போட்டுக் காட்டினார்: சன்னல் தாழ்ந்து, வாசல் மூன்று பக்கமும், வாத்தியாருக்கு மேடை கிடையாது, பெண்பிள்ளைகள் ஒதுங்கப் பின்பக்கம் தட்டிமறைப்பு.

ஊர்க் கவுண்டர் தலையை ஆட்டினார். "மூணு வாசலா? மாட்டுக்கொட்டகைக்கே ஒரு வாசல்தான். ஒரு வாசல் வெச்சாத்தான் எவன் வெளிய போறான்னு வாத்தியாரு பாக்க முடியும். நம்ம ஊரு புள்ளைங்களுக்கு அவுத்துவுட்டா ஆவாது."

என் மகனும், "அவரு சொல்றது சரிதாம்மா" என்றான்.

நிலம் என்னுடையது, நான் சொன்னபடிதான் என்று சொல்லியிருக்கலாம். என் வாய்க்குப் பழகிய பேச்சு அது. ஆனால் நான் சொல்லிக் கட்டினால் அது மறுபடி என் கையளவுதான். ருக்குவின் கதையைச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆகவே என் கதையைச் சொன்னேன். முப்பது ஆண்பிள்ளைகளுக்கு முன்னால், மோர் குடித்ததிலிருந்து ஆரம்பித்து, கண்டக்டர் கையை விரித்தது, இரண்டு தரம் கேட்டது, ஒருவன் சிரித்தது, எல்லாவற்றையும். என் மகன் எழுந்து, "அம்மா, போதும்" என்றான்.

"ஒக்காருடா" என்றேன். உடனே, "ஒக்காந்தா ஒக்காரு, போனா போ" என்றேன்.

உட்கார்ந்தான்.

"எனக்கு அறுபத்து நாலு வயசு கவுண்டரே. எப்ப எறங்கணும்னு எனக்குத் தெரியும். ஆனா வாசல் ஒருத்தன் கையில இருந்துச்சு. அந்தக் கொஞ்ச நேரத்துல யானைய நெனச்சேனா, ஊர நெனச்சேனா? ஒண்ணையும் நெனைக்க முடியல. புள்ள அப்படி ஒக்காந்திருந்தா அதும் மண்டையில பாடம் ஏறுமா?"

 கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டார். "எங்க வூட்டுலயும் ஒருத்தி பள்ளிக்கூடத்துக்குப் போவமாட்டேன்னு அழுவுறா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "மூணே வெச்சிக்கிங்க மேஸ்திரி."

கோலை வேறு வெட்டவேண்டும் என்று மேஸ்திரி எங்கள் வீட்டுக்கு வந்தார். ருக்குவின் முன்னால் குந்தி, "ஒன் கைய அளக்கட்டுமா பாப்பா?" என்று கேட்டார். கேட்டார் என்பதை எழுதிவைக்கிறேன். என் கையை அவர் கேட்டு அளக்கவில்லை.

அவள் யோசித்தாள். "அளந்துக்குங்க. ஆனா நான் அங்க போவேன்னு சொல்லல."

"போன்னு நானும் சொல்லல" என்றேன்.

அந்த வார்த்தையைக் காப்பாற்றியதுதான் இந்தப் பயணத்தில் எனக்கு நேர்ந்த பெரிய பாடு. ஆனியில் பள்ளிக்கூடம் திறந்தது. பயிற்சி முடித்த ஒரு சின்னப்பெண் வாத்தியாரம்மாவாக வந்தாள். ஊரே போனது, ருக்கு போகவில்லை. இரண்டாம் நாளும் போகவில்லை. ஒருவாரம் ஆயிற்று. மருமகள் என்னைப் பார்ப்பாள், நான் உரலைப் பார்ப்பேன். வாய்வரை வரும். மிளகாய் இடித்து அடக்கினேன். அந்த வாரம் எங்கள் வீட்டில் மூன்று மாசத்துக்கான மிளகாய்த்தூள் ஆயிற்று.

பத்தாம் நாள் காலையில் கூழ் குடித்துவிட்டு, பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, தலையைத் தானே வாரிக்கொண்டு தோப்புப் பக்கம் நடந்தாள். நான் வாசலில் நின்று எட்டிப் பார்க்கவில்லை. பின்கட்டுச் சுவரில் ஏறிப் பார்த்தேன், அதை ஒப்புக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தைச் சுற்றி வந்தாள். மூன்று வாசலையும் பார்த்தாள். கிழக்கு வாசலில் நுழைந்தாள். மத்தியானம் வடக்கு வாசலில் வெளியே வந்து, மாமரத்தடிக்குப் போய், மறுபடி உள்ளே போனாள். நான் சுவரிலிருந்து இறங்கினேன். அழுதேனா சிரித்தேனா என்று மருமகளைத்தான் கேட்கவேண்டும்.

பொழுது சாய வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை நான். "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டேன்.

"பசிக்குது" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

இதை எழுதச் சொன்னது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். கையெழுத்துப் பத்திரிகை ஒன்று நடத்துகிறார்கள். பள்ளிக்கூடம் வந்த கதையை ஆயாவே எழுதட்டும் என்று கூட்டத்தில் முடிவு செய்தார்களாம். இருபது நாளாக எழுதி இன்றைக்குத்தான் முடித்தேன்.

ருக்கு, கொஞ்சம் வந்து இதை எனக்கு வாசித்துக் காட்டு. இப்போதே வேண்டாம், உனக்கு முடிகிறபோது வா. முதல் தாளில் பாவாடை நனைந்த சங்கதியை உன்னைக் கேட்காமல் எழுதிவிட்டேன். அதை வாசித்துப் பார். வேண்டாமென்றால் அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போடு, பஸ்ஸிலிருந்து ஆரம்பித்துக்கொள்ளலாம். இருக்கட்டும் என்றால் இருக்கட்டும். நீ சொல்லும்வரை இதை யாருக்கும் கொடுக்கமாட்டேன்.